ஃபோர்டு மாடல் ஏ: டைமிங் கியர் வேலை, இதுவரை

இன்ஜினின் முன்பக்கம் ஐடிலில் தட்டினால் உடனே டைமிங் கியர் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்குச் சுழற்சியைக் கடத்தும் பற்சக்கர ஜோடி) என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ஹேண்டிலால் கிராங்கை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினேன். கிராங்க் நகர்ந்தது, மூடிக்குள் கேம் தண்டால் சுழலும் ரோட்டார் சற்று நேரம் சும்மா நின்றது, அப்புறம்தான் கூடவே திரும்பியது. ரோட்டாரைக் கையால் திருகினால் அதன் சொந்த ஆட்டம் மிகக் குறைவு. ஆக, தேய்மானம் பெரும்பாலும் கியர் பற்களில்தான்.

1928 முதல் 1931 வரை வந்த இந்த 3.3 லிட்டர் இன்ஜினில் கிராங்குக்கு ஸ்டீல் கியர், கேமுக்கு பைபர் (நார் அடுக்குகளைப் பிசினால் இறுக்கிய பொருள்) கியர். பைபர் போட்டது சத்தத்தைக் குறைக்க. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருப்பதால், பல் உதிர்ந்தாலும் பிஸ்டன் வால்வில் முட்டாது. வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது எனக்குப் பிடிக்காது. உதிர்ந்த தூள் ஆயில் பானில் இறங்கி பம்ப் சல்லடையை அடைக்கும்.

ரேடியேட்டர், ஃபேன், புல்லி எல்லாம் வழக்கம்போலக் கழன்று வந்துவிட்டன. இன்ஜினின் முன் தாங்கலே டைமிங் கவரோடு சேர்ந்தது என்பதால், பானுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கிய பிறகே கவரைத் தொட்டேன். கவருக்குள் ஒரு சின்ன பிளஞ்சரும் (அழுத்தும் முளை) ஸ்பிரிங்கும் உண்டு. கவரை எடுக்கும்போது கைவைத்துப் பிடிக்காவிட்டால் எங்கேயாவது உருண்டுவிடும். கியர் பற்கள் சாய்வாக இருப்பதால் கேம் முன்னும் பின்னும் நகரப் பார்க்கும். அதை அழுத்திப் பிடிப்பது இந்த ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் வரும் தட்டல் கியர் சத்தம் போலவே கேட்கும். இங்கே ஸ்பிரிங் நன்றாக இருந்தது, பிளஞ்சர் முனை மட்டும் குழிவிழுந்திருந்தது. மாற்றிவிட்டேன்.

பழைய பைபர் கியரைப் பார்த்தால் குறை தெரியாது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பல்லின் ஒரு பக்கம் மட்டும் மெலிந்து, ஓரத்தில் அடுக்குகள் பிரிய ஆரம்பித்தது தெரிந்தது. ஸ்டீல் பல்லில் நகத்தை ஓட்டினால் படி தட்டியது. தேய்ந்த ஸ்டீலோடு புது பைபரைச் சேர்த்தால் அதுவும் சீக்கிரம் போய்விடும், அதனால் ஜோடியாகவே மாற்றினேன். அலுமினிய கியர் உழைக்கும், சரி, ஆனால் சன்னமாக ஊளையிடும். அது எனக்கு வேண்டாம்.

குறிக்குக் குறி பொருத்தி, நட்டை இறுக்கி, கிராங்கை மெதுவாகச் சுற்றியபடி பல இடங்களில் பல் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்தேன். ஓரிடத்திலும் இறுகவில்லை. பேரிங் கடைந்த பிளாக்கில் கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் மாறியிருக்கலாம், அதற்கென்றே சற்றுப் பெரிய கியர்களும் வருகின்றன. இதில் தேவைப்படவில்லை.

கவரை மூடும் முன் முன்சீலுக்குப் புதுக் கயிறு வைத்தேன். பிறகு கவரிலுள்ள டைமிங் பின்னைக் கழற்றி, தலைகீழாகச் செருகி, முதல் பிஸ்டன் மேலே வரும்போது கேம் கியரின் குழியில் அது விழுவதையும் பார்த்தாயிற்று. ஸ்பார்க் லீவரை (தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் மாற்றும், ஸ்டீயரிங் அருகிலுள்ள லீவர்) முழுக்க மேலே தள்ளி இக்னிஷனை அந்த நிலையிலேயே வைக்க வேண்டும். அடுத்து ஆயில் பான். அதைக் கழற்றிச் சல்லடையைக் கழுவாமல் ஸ்டார்ட் செய்வதாக இல்லை.