புத்தகத் திருவிழாவில் பையை நிரப்பும் முன்

தருமபுரியிலோ ஓசூரிலோ புத்தகத் திருவிழாவுக்குப் போனால், குழந்தைப் புத்தகத்தை அட்டைப்படம் பார்த்து எடுக்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசியுங்கள். கடையில் நாக்கு தடுக்கினால் வீட்டிலும் தடுக்கும். மூன்று வயதுக்கு 16 பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி தாராளம். நடுவில் ஒற்றை ஸ்டேப்ளர் பின் மட்டும் அடித்திருந்தால் சீக்கிரமே தாள் கழன்று கையோடு வரும். இரண்டு பின்னாவது இருக்கட்டும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. 'சென்றான், உண்டான்' என்று போகும் கதை அவர்களுக்கு ஒட்டாது. 'போனான், சாப்பிட்டான்' என்றிருப்பதைத் தேடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று என்றால் 'டோட்டோ-சான்', ஒரு சிறுமியின் பள்ளி நாட்களைச் சொல்லும் புத்தகம். ஜப்பானில் 1981இல் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. அத்தியாயங்கள் குட்டி குட்டி, குக்கர் விசில் அடங்குவதற்குள் ஒன்று முடிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டலாம்.

பெரியவர்களுக்குக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே கரிசல் மண்ணில் வந்து குடியேறிய கதை. ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வட்டாரச் சொற்கள் முதலில் கொஞ்சம் மிரட்டும். அகராதியைத் தேடி நிற்காமல் படித்துக்கொண்டே போங்கள், தானாகப் பிடிபடும்.