செத்த மாடும் பாறுக் கழுகும்

நீலகிரியில் சீகூர் பக்கம், செத்த விலங்குகளைத் தின்கிற பாறுக் கழுகுகளைப் பாதுகாக்கிற வேலை என்றால் பைனாகுலரோடு மரத்தடியில் நிற்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. மழை முடிகிற சமயத்தில் மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும், வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. கூடு எந்த மரத்தில் என்று அண்ணாந்து தேட வேண்டியதில்லை, அடியில் இருக்கிற புதரெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சத்தால் வெளுத்திருக்கும். குறித்துக்கொண்டு சத்தமில்லாமல் தள்ளி வந்துவிடுவோம்.

ஆனால் என் நேரம் அதிகம் போவது மாட்டுப்பட்டிகளில்தான். புலி மாட்டை அடித்துவிட்டது என்று போன் வந்தால் மற்ற வேலை எல்லாம் அப்புறம். மிச்சத்தைத் தின்னப் புலி திரும்பி வரும் என்பது மாட்டுக்காரருக்கும் தெரியும், அந்தக் கோபத்தில் யாராவது சடலத்தின்மேல் விஷக் குருணை மருந்தைத் தூவிவிட்டால் சாவது புலி மட்டுமல்ல. பாறுகள் கூட்டமாக இறங்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கழுத்தை உள்ளே விட்டு இழுத்து, இரைப்பை புடைத்துப் பறக்கக்கூட முடியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே போய்விடும். வருஷம் ஒரு முட்டை இடுகிற பறவை அதை எப்போது ஈடுகட்டும்?

அதனால் மருந்துக்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர வேண்டும். போனதும் சட்டம் பேசக் கூடாது. மசினகுடி பக்கம் ஒரு அம்மா, "சினைமாடு சார், அடுத்த மாசம் கன்னு போட்டிருக்கும்" என்று அழுதார். அவரிடம் பாறின் பெருமையை என்னவென்று பேசுவது? உட்கார்ந்து கேட்டோம், போட்டோ எடுத்தோம், கால்நடை மருத்துவரை வரவழைத்தோம், இழப்பீட்டு மனுவை அங்கேயே எழுதினோம். பணம் வரத் தாமதமானால் அடுத்த முறை அவர் எங்களுக்கு ஏன் போன் செய்ய வேண்டும்?

பட்டிக்குப் போனால் காலி ஊசிக் குப்பிகளையும் பார்ப்பேன். டைக்ளோபினாக் என்கிற வலி மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நாடு முழுக்கப் பாறுகள் அழிந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். மாடுகளுக்கு அதைப் போடக் கூடாது என்று 2006ல் தடை வந்தது, 2023ல் அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோபினாக்கும் தடையாயின. ஆனால் வலியில் துடிக்கிற மாட்டை வைத்துக்கொண்டு யாரும் தடைப் பட்டியலைப் படிக்கப் போவதில்லை, கையில் கிடைத்ததைத்தான் போடுவார்கள். பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்கிற வலி மருந்து இருக்கிறது. சீகூர்ச் சரிவில் எந்த ஊரில் மாடு படுத்தாலும் அது நடந்து போய் வாங்குகிற தூரத்தில் கிடைக்க வேண்டும், தீரவும் கூடாது. போகிற கூட்டத்தில் எல்லாம் நான் கேட்பது இதைத்தான்.