செலவு யார் தலையில்?

ஜனவரி 27, 2025

கூட்டணி உடைந்தால் உடனே 'கொள்கை வேறுபாடு' என்று ஓர் அறிக்கை வரும். நண்பர் அதை அப்படியே நம்புகிறவர். பதவி ஆசைதான், வேறென்ன என்பது என் வாதம். இப்போது இரண்டுமே எனக்குப் போதவில்லை. யாருக்கு லாபம், செலவு யார் தலையில் என்ற கணக்குதான் கூட்டணியைக் கட்டுகிறது, உடைக்கிறது என்று தோன்றுகிறது. போன நவம்பர் 6 அன்று ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் தன் நிதியமைச்சர் லிண்ட்னரை வெளியே அனுப்பி, மூன்று கட்சிக் கூட்டணி உடைந்ததே, அன்று பிடித்த குடைச்சல் இது.

ஜனவரி 28

அந்த மூன்று கட்சிகளும் 2021 டிசம்பரில் ஒட்டாத கூட்டாகத்தான் சேர்ந்தன. ஷோல்ஸின் சமூக ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தபட்ச ஊதியம் உயர வேண்டும், ஓய்வூதியத்தில் கை வைக்கக் கூடாது. பசுமைக் கட்சிக்குப் பருவநிலைத் திட்டங்களுக்குப் பணம் வேண்டும். லிண்ட்னரின் சுதந்திர ஜனநாயகக் கட்சிக்கோ வரியும் ஏறக் கூடாது, கடனும் ஏறக் கூடாது. அரசமைப்பிலேயே கடனுக்கு ஒரு கடிவாளம் உண்டு. மத்திய அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை, அதாவது பொருளாதார ஏற்ற இறக்கத்தின் பாதிப்பைக் கழித்த பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இந்த மூன்றையும் ஒரே பட்ஜெட்டில் எப்படி அடைத்தார்கள்? கொரோனாவுக்கென்று அனுமதி வாங்கி, செலவாகாமல் கிடந்த 6,000 கோடி யூரோ கடனைப் பருவநிலை நிதிக்கு மாற்றினார்கள். யார் பையிலும் கை வைக்காமல் எல்லோருக்கும் கிடைத்தது. 2023 நவம்பர் 15 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அப்புறம் ஒருவரிடம் பிடுங்கித்தான் இன்னொருவருக்குத் தர முடியும் என்ற நிலை. அதற்குப் பிறகும் ஒரு வருடம் தாக்குப்பிடித்ததே பெரிது.

ஜனவரி 30

1933-இல் இதே நாள் ஹிட்லர் சான்சலரானார். அன்று விடிவதற்குள் கோபன்ஹேகனில் டென்மார்க் பிரதமர் ஸ்டவுனிங்கின் வீட்டில் வேறொரு பேரம் முடிந்திருந்தது. விவசாயிகளின் கட்சி கேட்டது நாணய மதிப்புக் குறைப்பு; அது நடந்தால் ஏற்றுமதிக்கு வழி பிறக்கும். தொழிலாளர் பக்கம் கேட்டது முதலாளிகளின் கதவடைப்புக்குத் தடையும் சமூக நலச் சட்டங்களும். இரண்டும் கைமாறின.

சில மாதங்களில் சுவீடனிலும் அதே கதை. வெண்ணெயை விலை கொடுத்து வாங்கும் தொழிலாளியின் கட்சி, வேளாண் விலை ஆதரவுக்குத் தலையாட்டியது. பதிலுக்கு வேலையில்லாதோருக்கான திட்டங்களை விவசாயிகள் கட்சி ஏற்றது. நாம் குதிரைப் பேரம் என்போம். அவர்கள் மாட்டுப் பேரம் என்றார்கள். எனக்கு இதில் கேவலமாக எதுவும் தெரியவில்லை. யாருக்கு என்ன, யார் தருவது என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 4

ஜெர்மனியின் பிரஷ்ய நிலப்பிரபுக்கள் தானியத்தை ஏற்றுமதி செய்த காலத்தில் தடையற்ற வணிகத்துக்குக் கொடி பிடித்தவர்கள். 1870-களில் அமெரிக்க, ரஷ்யத் தானியம் வந்து குவிந்தது. விலை இறங்கியதும் கொள்கையும் கூடவே இறங்கிவிட்டது. பாதுகாப்பு வரி கேட்ட இரும்பு முதலாளிகளோடு கைகோத்தார்கள். 1879-இல் வரி வந்தது. சான்சலர் பிஸ்மார்க்கும் பழைய கூட்டாளிகளான தேசிய லிபரல்களைக் கைகழுவினார்.

பிப்ரவரி 9

"சரி, பீலுக்கு என்ன லாபம்?" என்று நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு நிலப்பிரபுக்களைக் காத்த தானியச் சட்டங்களை 1846-இல் பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் நீக்கியபோது சொந்தக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்து வாக்களித்தனர். எதிர்க்கட்சி தயவில்தான் நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதை ஏற்ற அன்றிரவே வேறொரு மசோதாவில் அவர் அரசு தோற்றது. என் லாப, செலவுக் கணக்கு அந்த ஒரு மனிதருக்குப் பொருந்தவில்லை, ஒப்புக்கொண்டேன்.

ஆனால் பஞ்சாபின் அகாலி தளத்துக்குப் பொருந்துகிறது. மத்திய அரசின் வேளாண் அவசரச் சட்டங்களை முதலில் ஆதரித்துப் பேசிய கட்சி அது. ஆதரவு விலைக் கொள்முதலை நம்பி நிற்கும் பஞ்சாப் கோதுமை, நெல் விவசாயி கொதித்ததும் 2020 செப்டம்பர் 17 அன்று அதன் மத்திய அமைச்சர் விலகினார். 26 அன்று பாஜகவோடு இருந்த கூட்டணியே முறிந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

ஜெர்மன் தேர்தல் முடிவு. லிண்ட்னர் கட்சி 4.3 சதவீதம். 5 சதவீதம் இல்லாமல் நாடாளுமன்றத்துக்குள் போக முடியாது.

மார்ச் 18

கடன் கடிவாளம் தளர்ந்தது. பிரசாரத்தில் அதைக் காப்பதாகப் பேசி, தேர்தலில் முதலிடம் பிடித்த மெர்ஸ்தான் தளர்த்துகிறார். உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ தனி நிதி. பசுமைக் கட்சியின் வாக்குக்காக அதில் 10,000 கோடி பருவநிலைக்கு. புதிய கூட்டணி இன்னும் அமையவே இல்லை, அதற்கான பசை வந்துவிட்டது. அரசமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு புதிய அவையில் கிடைக்காது என்பதால் பழைய அவையைக் கூட்டி நிறைவேற்றினார்கள். லிண்ட்னரின் கட்சிக்காரர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அடுத்த வாரம் அவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.