பெயரின் கடைசி எழுத்துகள்: பழைய பேக்கப்களைப் பிரித்தெடுத்த அனுபவம்

நான் பணிபுரியும் நூலகத்தின் பழைய சர்வர் பேக்கப்களைப் புதிய ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே ஃபோல்டரில் .டார்.ஜிஇசட், .டிஜிஇசட், .டார்.பிஇசட்2, பெரிய எழுத்தில் .இசட் எனப் பலவகைப் பெயர்கள் கலந்து கிடந்தன.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது ஒரு வேலை, சுருக்குவது வேறொரு வேலை. டார் என்னும் நிரல் கட்டும், ஆனால் அளவைக் குறைக்காது. .ஜிஇசட் பின்னொட்டைத் தரும் ஜிஜிப் நிரல் ஒற்றைக் கோப்பைச் சுருக்கும், ஆனால் பலவற்றைச் சேர்க்காது. ஆகவே பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால், எதை முதலில் பிரிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. 1989இல் வந்த ஜிப் வடிவம் இரண்டையும் தானே செய்வதால் அதற்கு ஒரே பின்னொட்டு போதும். .டிஜிஇசட் என்பதோ, பெயருக்கு எட்டும் பின்னொட்டுக்கு மூன்றும் மட்டுமே எழுத்துகளை அனுமதித்த டாஸ் இயங்குதளத்தின் காலத்துக்கு ஏற்ற, .டார்.ஜிஇசட்டின் சுருக்கம்.

பெரிய எழுத்து .இசட், கம்ப்ரெஸ் என்னும் பழைய நிரலுக்கு உரியது. அது பயன்படுத்திய எல்இசட்டபிள்யூ என்னும் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைச் சிக்கல் இருந்ததால்தான் 1992இல் ஜிஜிப் அதற்கு மாற்றாக வெளிவந்தது. சின்ன எழுத்து .இசட், பேக் என்னும் வேறொரு நிரலின் அடையாளம் என்பதால், இங்கே எழுத்தின் அளவு மாறினால் பொருளும் மாறிவிடும். நல்லவேளையாக, இவ்விரண்டையும் ஜிஜிப்பே விரித்துத் தருகிறது.

அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது, .டார்.ஜிஇசட் என்றே பெயரிட்டிருந்தும் திறக்க மறுத்த ஒரு கோப்புதான். ‘ஜிஜிப் வடிவத்தில் இல்லை’ என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஜிஜிப் கோப்பு 1எஃப் 8பி என்னும் இரண்டு பைட்டுகளுடன் தொடங்க வேண்டும். இதில் அவை இல்லை. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் தொடக்கத்திலேயே ஒரு கோப்பின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. 257ஆம் பைட் இடத்தில் டார் கோப்பின் அடையாளமான ‘யுஸ்டார்’ என்னும் குறி இருந்தது. யாரோ ஏற்கெனவே விரித்துவிட்டு, பெயரை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். பின்னொட்டை நீக்காமலேயே டார் கட்டளையை நேரடியாகக் கொடுத்ததும் எல்லாக் கோப்புகளும் வெளிவந்தன.

அதன்பின் எந்தக் கோப்பையும், அதன் உண்மையான வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளையால் சோதித்த பிறகே பிரித்தேன். புதிய தொகுப்புகளுக்கு எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் நிரல் இன்னும் சிறிய அளவைத் தந்திருக்கும். ஆனாலும் எந்தப் பழைய கணினியிலும் திறக்க வேண்டும் என்பதற்காக .டார்.ஜிஇசட் என்பதையே முழுமையாக எழுதி, அதற்கு முன்னால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைச் சேர்த்திருக்கிறேன்.