பச்சைக் கோடு: கோத்தகிரிக் குறிப்புகள்

ஜூலை 8
ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1905-இல் மனைவி அமேலியை வரைந்த 'பச்சைக் கோடு'. நெற்றியிலிருந்து தாடைவரை முகத்தின் நடுவே ஒரு பச்சைப் பட்டை. அசல் கோபன்ஹேகனில், டென்மார்க்கின் தேசியக் கலைக்கூடத்தில். 40.5 × 32.5 செ.மீ. தான், பார்த்துப் படிக்க அச்சும் அதே அளவில் எடுத்தாயிற்று. கைபேசியில் பார்த்தால் தூரிகைத் தடம் தெரியாது. கேலிச்சித்திரம் மாதிரி ஆகிவிடும்.

"முகத்தில் ஏன் பச்சை, உடம்புக்கு முடியலையா?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில், என்னென்ன விடப்பட்டிருக்கிறது? கன்னத்து நிழல் மெல்ல மங்குவது இல்லை. தோலின் வழவழப்பு இல்லை. புருவம் கனத்த வளைவாகிவிட்டது.

ஜூலை 9
மூடுபனி. ஜன்னல் வெளிச்சம் நீலம் பாய்ந்து, அச்சில் கன்னத்து இளஞ்சிவப்பு செத்துக் கிடக்கிறது. மஞ்சள் பல்பு அதைவிட மோசம். அச்சைக் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால் போதும்: பச்சை காணாமல் போய், நெற்றியிலிருந்து தாடைவரை இறங்கும் நிழல் விளிம்பாகப் பட்டை நிற்கிறது. அதன் வேலை அதுதான். சாம்பல் நிறம் செய்ய வேண்டியதைப் பச்சை செய்கிறது.

ஜூலை 11
பதினோரு மணிக்கு வெயில். தோல் நிறத்தாளில் ஒரு கீற்று வெட்டிக் கோட்டின்மேல் வைத்ததும் மூக்கு தட்டையாகிவிட்டது. எடுத்தால் மறுபடி எழுகிறது. பத்துத் தடவை செய்தாலும் அலுக்கவில்லை.

அடுத்து பின்னணி. நமக்கு வலப்பக்கக் கன்னம் இளஞ்சிவப்பு, அதன் பின்னால் பச்சை. தேயிலைச் சரிவில் சிவப்புக் குடை எப்படித் துள்ளுமோ அப்படி. இடக்கன்னம் மஞ்சள் சாய்ந்தது. அந்தப் பக்கப் பின்னணியில் ஊதா கலந்த சிவப்பும் ஆரஞ்சும். ஒளி, நிழல் என்று பிரியாமல் சூடு, குளிர்ச்சி என்று முகம் பிரிந்திருக்கிறது.

ஜூலை 14
படியெடுக்கும் முயற்சி, எண்ணெய் வண்ணத்தில். கோட்டுக்கு விரிடியன் என்ற நீலம் சாய்ந்த பச்சை, வெள்ளை, துளி மஞ்சள் ஓக்கர் என்ற மண் மஞ்சள். இளஞ்சிவப்பு ஈரமாக இருக்கும்போதே கோட்டை இழுத்ததால் இரண்டும் கலந்து சேறாகிவிட்டது. எதிர் நிறங்கள் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். இந்த ஈரக்காற்றில் எண்ணெய் காய நாட்கணக்காகும். சுரண்டிவிட்டு, இரு கன்னங்களுக்கும் நடுவில் இடம் விட்டுப் பூசியாயிற்று. விரலில் ஒட்டாத பிறகுதான் பச்சை.

இப்போது 'முகத்தில் ஏன் பச்சை' என்ற அந்தக் கேள்வியைக் கேட்கலாம். கோடு சோகத்தைச் சொல்லவில்லை. அசையாமல் நேரே பார்க்கிற கண்களும் இறுகிய வாயும்தான் முகத்துக்கு ஒரு கண்டிப்பைத் தருகின்றன. அவற்றுக்கு நடுவே கோடு தூண்மாதிரி நிற்கிறது.