இடக்கைக்காரனுக்கு மலிவில் ஒரு மான் துவக்கு: ஒன்ராறியோவில் பட்ட பாடு

கனடாவில் துவக்கு வாங்குவதென்றால் லைசன்ஸ்தான் பெரிய தலையிடி என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது ஒன்றுமேயில்லை. பாதுகாப்பு வகுப்பு, எழுத்திலும் செய்முறையிலும் 80 வீதம், எங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர், முதல் தடவை விண்ணப்பிக்கிறவர்களுக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு, பிறகு தபாலில் அட்டை. வேட்டை வகுப்பும், ஒன்ராறியோவில் வேட்டைக்காரர் வைத்திருக்க வேண்டிய அவுட்டோர்ஸ் கார்ட்டும் அப்படியே முடிந்தன. மனைவியிடம் கையெழுத்து வாங்கத்தான் கொஞ்சம் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. உண்மையான பாடு அதற்குப் பிறகு, கடைக்குப் போனபோது தொடங்கியது.

நான் இடக்கைக்காரன். ஊரில் அம்மம்மா அடித்து அடித்துச் சாப்பாட்டை மட்டும் வலக்கைக்கு மாற்றிவிட்டா. எழுத்து, கிரிக்கெட் மட்டை, சுத்தியல் எல்லாம் இன்றைக்கும் இடக்கைதான். எனக்குக் கண்ணும் இடது. இதைத் துவக்குக் கடைக்குப் போக முதலே சோதித்துப் பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் உள்ள ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அந்தக் கண்தான் உங்களுக்குக் குறி பார்க்கும். கை இடது, கண் வலது என்றால் பேசாமல் வலக்கைத் துவக்கையே பழகுங்கள், காசும் மிச்சம். எனக்கு இரண்டும் இடது என்பதால் அந்த வழி இல்லை.

வரியோடும் ஸ்கோப்போடும் (குறி பார்க்கும் தூரக்கண்ணாடி) 1,000 டொலருக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். வலக்கைக்காரனுக்கு இது தாராளம், கடைச் சுவர் முழுக்க அவனுக்குத்தான். முதலில் போன பெரிய கடையில், கவுண்டரில் நின்றவர் நான் "இடக்கை" என்றதும் ஒரு வலக்கைத் துவக்கை எடுத்து நீட்டினார். "எங்களிடம் வரும் இடக்கைக்காரர் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், பழகிவிடும்" என்றார். கடையில் இடக்கைத் துவக்கு ஒன்றுகூட இல்லாவிட்டால் அவர்கள் வேறு எதை வாங்குவார்களாம்?

பழகிவிடும் என்கிறவர்கள் ஒருநாள் தலைகீழாகச் செய்து பார்க்க வேண்டும். வலக்கைத் துவக்கில் போல்ட் பிடி, அதாவது ரவையை ஏற்ற இழுக்கும் கம்பி, வலப்பக்கம். இடத்தோளில் துவக்கை வைத்தால் அது என் முகப் பக்கம் இருக்கும். ஒரு வெடி வைத்த பிறகு அடுத்த ரவையை ஏற்ற இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, விசையில் இருக்கும் இடக்கையை எடுத்து ஸ்கோப்புக்கு மேலால் எட்டிப் போல்ட்டை இழுக்க வேண்டும். அல்லது முன்பக்கத்தைத் தாங்கும் வலக்கையை விட வேண்டும், அப்போது குழல் கீழே தொங்கிவிடும். மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுடும்போது இரண்டாவது வழி நன்றாகவே சரிவரும். சில போட்டிச் சுடுநர்கள் விரும்பியே அப்படிச் செய்வதுண்டு. காட்டில், மரத்தில் கட்டிய தட்டில் குந்தியிருக்கிறவனுக்கு மேசை ஏது? இன்னொன்றும் இருக்கிறது. ரவையின் வெளி உறையான கோது பிளந்து வாயு பின்னால் அடித்தால் அது வலப்பக்கத் திறப்பாலும் வரலாம். இடக்கைக்காரனின் முகம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அப்படி நடப்பது அரிது. ஆனாலும் "பழகிவிடும்" என்று சொல்கிறவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேலையிடத்தில் பல வருடமாக மான் வேட்டைக்குப் போகும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன். "சோறு சோத்துக்கையாலதானே தின்னிறாய் தம்பி? அப்ப துவக்கையும் அந்தக் கையால பிடியன்" என்றார். அவரோடு வாக்குவாதப்படுவதில் பிரயோசனம் இல்லை. ஆனால் ஒரு விசயம் சொன்னார், அது தங்கம்: "எந்த வட்டாரத்தில வேட்டை எண்டு முதல் பார். ரொறன்ரோவைச் சுத்தி தெற்குப் பக்கம் கனக்க இடத்தில மானுக்கு ரைஃபிளே விடமாட்டாங்கள். சொட்கன், இல்லாட்டி வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துவக்குதான்." அவருடைய குழு ஹலிபேர்ட்டன் பக்கம் போவதால் எனக்கு ரைஃபிள் சரி. தெற்கில் வேட்டையாடப் போகிறீர்களென்றால் உங்களுக்கு என் அளவு பாடு இல்லை. மொஸ்பேர்க் 500 சொட்கன்னில் சேஃப்டி (தவறி வெடிக்காமல் பூட்டும் பொத்தான்) முதுகின் நடுவில் இருக்கிறது. இத்தாக்கா 37, பிரவுனிங் பிபிஎஸ் இரண்டிலும் கோது கீழே விழும், எந்தக் கைக்கும் ஒன்றுதான். பழையது ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டு மிச்சத்தை வாசிக்காமலே விடலாம்.

இனி அந்த வீண் பயணம். வடக்கே ஒரு சின்ன ஊர்க் கடையின் பட்டியலில் "இடக்கை, .308, மலிவு" என்று கிடந்தது (.308 என்பது ரவையின் அளவு). தொலைபேசியில் கேட்டேன். "ஓம், இருக்கிறது, இடக்கைதான்" என்றார்கள். ஒரு கோடைச் சனிக்கிழமை, கொட்டேஜுக்குப் போகிறவர்களின் வாகனங்களுக்கு நடுவே ஹைவே 400இல் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். போல்ட் வலப்பக்கம்! கேட்டால், "சேஃப்டி நடுவில் இருக்கிறது பாருங்கள், தோள் பிடியிலும் கன்னம் வைக்கும் மேடு இல்லை, ஆகவே இரண்டு கைக்கும் பொருந்தும்" என்று விளக்கம். மன்னிப்பும் இல்லை, ஒரு ரீ கூட இல்லை.

அன்றைக்குப் பிறகு எந்தக் கடையிலும் "இடக்கையா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேட்கிறேன்: போல்ட் பிடி எந்தப் பக்கம், கோது எந்தப் பக்கம் விழும், சேஃப்டி எங்கே. கேட்டுவிட்டு, இடப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்பப் பஞ்சிப்படுகிற கடைக்குப் பெற்றோல் செலவழிக்காதீர்கள். பெட்டியில் உள்ள மொடல் இலக்கத்தையும் வாங்கி, தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கைக்கும் துவக்கு இருக்கும், இலக்கம் மட்டும் வேறு.

பழையது வாங்கலாம் என்றும் பார்த்தேன். இடக்கைத் துவக்கை விற்கிறவனுக்கு வாங்க ஆள் குறைவு என்பதால் பேரம் பேச இடம் உண்டு. ஆனால் என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் மாக்னம், அதாவது மருந்து கூடிய பெலமான ரவைக்குரியவை. 7 மிமீ ரெமிங்டன் மாக்னம் ஒன்று நல்ல விலைக்கு வந்தது. ஒன்ராறியோ மரக்கூட்டத்துக்குள் வெள்ளைவால் மானை நூறு மீற்றருக்குள் சுடுவதற்கு அது எதற்கு? ரவைப் பெட்டியின் விலை ஒரு பக்கம், தோளில் விழும் உதை ஒரு பக்கம். அதற்கும் மேலே, விற்கிறவர் "அட்டையைக் காட்டு, காசைத் தா, கொண்டு போ" என்ற மாதிரிக் கதைத்தார். 2022 மே மாதத்திலிருந்து சாதாரண வேட்டைத் துவக்குக்கும் விற்கிறவர் எங்கள் லைசன்ஸை அரசின் துவக்குப் பதிவாளரிடம் சரிபார்த்து ஒரு குறிப்பு இலக்கம் எடுக்க வேண்டும். அதை எடுக்கச் சொன்னதும் ஆள் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். போகட்டும். இலக்கம் இல்லாமல் காசை நீட்டாதீர்கள், எவ்வளவு நல்ல மனுசனாகத் தெரிந்தாலும்.

போல்ட் இல்லாத வழிகளும் இருக்கின்றன. விசைக்குக் கீழே உள்ள வளையத்தை இழுத்து ரவை ஏற்றும் லீவர் துவக்கு இடக்கைக்கு நல்ல தோழன். மார்லின் 336 கோதை வலப்பக்கம் எறியும், ஆனால் லீவர் நடுவில் இருப்பதால் ஏற்றுவதில் சிக்கல் இல்லை. பழைய வின்செஸ்டர் 94 கோதை மேலே எறிவதால் ஸ்கோப்பை நேர் மேலே பூட்ட முடியாது. என் கண்ணுக்கு ஸ்கோப் இல்லாமல் சரிவராது. நல்ல நிலையில் உள்ள லீவர் துவக்குகளின் விலையும் இப்போது என் கணக்கைத் தாண்டிவிட்டது. ஒற்றைக் குழலை மடித்து ஏற்றுகிற துவக்குக்கு இடம் வலம் என்ற பேதமே இல்லை, விலையும் குறைவு. ஒரு வெடியோடு திருப்திப்படுகிற பொறுமைசாலிக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கடைசியில் புதுத் துவக்குகளில் என் பட்டியலில் நின்றவை மூன்று. பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் இடக்கையிலும் வருகிறது. போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும், ஆனால் துவக்கிலேயே என் காசு முழுக்க முடிந்துவிடும். ரூகர் அமெரிக்கன் போல்ட்டை 70 பாகை தூக்கினால் போதும், சேஃப்டி முதுகில். மற்றது சாவேஜ் அக்சிஸ். சாவேஜ் கொம்பனி 1958இல் 110 என்ற மொடலைக் கொண்டுவந்து, கொஞ்ச காலத்திலேயே அதை இடக்கைக்கும் செய்தது. மலிவு விலை அக்சிஸிலும் அதைத் தொடர்கிறார்கள். அக்சிஸ் 2இல் விசையின் பாரத்தை நாங்களே கூட்டிக் குறைக்கலாம். அக்சிஸ், ரூகர் இரண்டிலும் பிளாஸ்டிக் பிடி, அழகு பார்க்கக் கூடாது. மானுக்கு அது தெரியப் போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ரவை அளவை முதலில் முடிவு செய்துவிட்டுத் துவக்கைத் தேடுவது வலக்கைக்காரரின் சொகுசு. எங்களுக்கு இடக்கையில் என்ன கையிருப்பில் இருக்கிறதோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். .308, .30-06, .270, .243, 6.5 கிரீட்மோர், இதில் எது வந்தாலும் மானுக்குப் போதும். .308 தான் வேண்டும் என்று நின்றவன் நான், ஆனால் மற்ற நான்கில் ஒன்று கிடைத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். யூடியூபில் பார்க்கிற அமெரிக்க மொடல் எல்லாம் எல்லையைத் தாண்டி இங்கே வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள்.

நகரத்துக்குள் ஒரு கடை, "அக்சிஸ் 2 இடக்கை .308 எடுத்துத் தருவோம், முற்பணம் கட்டுங்கள், இரண்டு கிழமை" என்றது. கட்டினேன். இரண்டு கிழமை நாலு கிழமையானது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வேறு ஒரு பெடியன் பேசுவான், "கொம்பியூட்டரில் வருகிறது என்று காட்டுகிறது" என்பான். செப்டெம்பர் பிறந்துவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் மான் பருவம். நேரே போய் நின்று, ஓடர் இலக்கத்தைக் காட்டு என்று கேட்டபோதுதான் அப்படி ஒன்றே போடப்படவில்லை என்று தெரிந்தது. முற்பணத்தைக் கடைக் கூப்பனாகத் தருகிறோம் என்றார்கள். பற்றுச்சீட்டில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று விரலை வைத்துக் காட்டினேன். மனேஜர் வந்தார், காசு அட்டைக்குத் திரும்பி வந்தது. முற்பணம் கட்டினால் "திரும்பப் பெறலாம்" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். கிரெடிட் கார்ட்டில் கட்டுவது இன்னும் நல்லது.

அன்று இரவே மேற்கு மாகாணம் ஒன்றில் உள்ள கடையின் தளத்தில் அதே துவக்கு, அதே இலக்கம், கையிருப்பில் ஒன்று என்று கிடந்தது. மூன்று கேள்வியையும் எழுதி அனுப்பினேன். விடிய எழும்பிப் பார்த்தால் இடப்பக்கத்துப் படம்! லைசன்ஸ் விவரம் கொடுத்ததும் சரிபார்த்துத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து வைத்து எடுத்தேன். பூட்டு, பெட்டி, ரவைக்குத் தனிப் பூட்டு எல்லாம் முதலே வீட்டில் தயார். இத்தனை மாதம் நான் நேரில் அலைந்து கிடைக்காதது தபாலில் வந்தது. பக்கத்துக் கடைக்கு ஆதரவு கொடுங்கள் என்று இனி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஸ்கோப்பை மட்டும் இங்கே ஒரு கடையில் பூட்டக் கொடுத்தேன். பூட்டியவர் தன் வலத்தோளில் வைத்துத் தன் கண்ணுக்கு அளவு பார்த்து இறுக்கிவிட்டார். என் தோளில் வைத்தால் கண்ணாடி புருவத்தில் முட்டுகிறது. உதைக்கும்போது புருவம் கிழிந்திருக்கும். பக்கத்தில் நின்று, உங்கள் தோளில் வைத்து, நீங்கள் சரியென்ற பிறகு இறுக்கச் சொல்லுங்கள். "குறி பார்த்துத்தான் தந்திருக்கிறோம்" என்று அவர்கள் சொல்வதன் பொருள், சன்னம் இலக்குத் தாளில் எங்காவது விழும் என்பது மட்டும்தான். மானைத் தேடிப் போக முதல் சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

சுடுமைதானத்தில் ஆக இடது ஓர மேசையைக் கேட்டு வாங்குங்கள். இடப்பக்கம் யாராவது அரைத் தானியங்கித் துவக்கோடு இருந்தால் அவருடைய சுடச்சுடக் கோது நேரே எங்கள் சட்டைக் கழுத்துக்குள் வரும். இடக்கைக்காரனின் நெஞ்சு அந்தப் பக்கம்தானே திரும்பியிருக்கும். எங்கள் கோதும் இடப்பக்கம் விழுவதால் ஓரத்தில் இருந்தால் எவருக்கும் தொந்தரவில்லை. 150 கிரெய்ன் எடைச் சன்னத்தை நூறு யார்டில் ஒன்றரை அங்குலம் மேலே விழ வைத்தேன், எங்கள் காட்டுத் தூரத்துக்கு அது காணும். அண்ணையும் வந்திருந்தார். என் துவக்கை வாங்கித் தோளில் வைத்து ஒரு வெடி வைத்துவிட்டு, போல்ட்டைத் தேடி வலப்பக்கமெல்லாம் தடவினார். "பழகிவிடும் அண்ணை" என்றேன். முறைத்தார்.

ரவையை ஒக்டோபருக்கு விடாதீர்கள். பருவம் நெருங்க நெருங்க .308 தட்டு காலியாகும். எந்தப் பெட்டியால் குறி சரிபார்த்தீர்களோ அதே கொம்பனி, அதே கிரெய்ன் எடையில் இன்னும் இரண்டு மூன்று பெட்டி அன்றைக்கே வாங்கி வையுங்கள். கடைக்காரர் "இதுவும் அதே மாதிரித்தான்" என்று வேறு ஒன்றை நீட்டினால், வாங்கினாலும் மறுபடி மைதானத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்த பிறகுதான் காட்டுக்குக் கொண்டு போங்கள்.