இல்லாத முதல் ஆபரேஷனுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி

அம்மாவுக்கு வலது தோள்மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதமாகிறது. அம்மாவின் கை தேறிவிட்டது. எனக்குத்தான் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

டாக்டரின் கடிதத்தில் 'ரிவர்ஸ்', அதாவது தலைகீழ் மூட்டு, என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் கவுன்டரில் இருந்தவர் அதை 'ரிவிஷன்' என்று ஏற்றிவிட்டார். ரிவிஷன் என்றால் முன்பு வைத்த மூட்டைக் கழற்றி வேறு வைப்பது. மறுநாளே காப்பீட்டு நிறுவனம் முதல் அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டது. 71 வயதில், காது குத்தியதைத் தவிர அம்மாவின் உடம்பில் ஒரு கீறல் பட்டதில்லை.

ஓடினேன். "தலைகீழாக யாராவது மூட்டு வைப்பார்களா மேடம்? டாக்டர் அவசரத்தில் எழுதியிருப்பார்" என்றார் அவர்.

வைக்கிறார்கள். பால் கிராமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1985லேயே வைத்துவிட்டார். இயற்கையில் மூட்டின் பந்து போன்ற குமிழ் கை எலும்பிலும், கிண்ணம் தோள்பட்டை எலும்பிலும் இருக்கின்றன. குமிழை நடுவில் பிடித்து வைப்பவை சுற்றியுள்ள தசைநார்கள். அம்மாவுக்கு அவை கிழிந்து சுருங்கிவிட்டன என்று எம்.ஆர்.ஐ. சொன்னது. அந்த நிலையில் வழக்கமான மூட்டை வைத்தால் குமிழ் மேலே ஏறி, கிண்ணத்தின் ஓரத்தில் முட்டி முட்டி அதைத் தளர்த்திவிடும். அதனால் குமிழைத் தோள்பட்டையிலும் கிண்ணத்தைக் கையிலும் பொருத்துகிறார்கள். கை சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்கிறது. தோளுக்கு வெளியே இருக்கும் டெல்டாய்ட் தசைக்கு நெம்புகோல் கிடைக்கிறது. கையைத் தூக்குவது இனி அதன் வேலை.

டாக்டரிடம் ஒரு வரிக் கடிதம் வாங்க இன்னொரு நாள் போயிற்று. "ரிவிஷன் அல்ல, இது முதல் அறுவை சிகிச்சை." இந்த வரியை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இம்பிளான்ட் பெட்டியின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள்; பில் பாஸாக அது வேண்டும் என்று எனக்கு டிஸ்சார்ஜ் அன்றுதான் சொன்னார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்தக் கோணம்? கிராமோன் வழி வந்தவற்றில் கிண்ணம் கை எலும்பின் தண்டுக்கு 155 பாகையில் சாய்ந்திருக்கும். கையை இறக்கும்போது அதன் விளிம்பு தோள்பட்டை எலும்பில் உரசிக் குழி பறிப்பதுண்டு. 135 பாகை கொண்ட பிற்கால வடிவங்களில் அந்த உரசல் குறைவு. கை சுழலும் மையத்தைச் சற்று வெளியே தள்ளி வைத்தால் கையை வெளிப்புறம் திருப்புவதும் எளிதாகிறது. "தலை வாரிக்கொள்ள முடியுமா?" என்று அம்மா கேட்ட பிறகுதான் டாக்டர் இதையெல்லாம் வரைந்து காட்டினார். அறுவை சிகிச்சை ஒன்றரை மணி நேரம். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நாற்காலிக் கைப்பிடியில் வலது கையை ஊன்றி எழப் போனார் அம்மா. பிசியோதெரபி செய்ய வந்த பெண் அலறிவிட்டாள். கையைப் பின்னால் நீட்டி, உடம்போடு ஒட்டி, எடையை அதன்மேல் போட்டால் கிண்ணம் குமிழைவிட்டு நழுவிவிடுமாம். டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது "பாரம் தூக்கக் கூடாது" என்பது மட்டும்தான்.

இப்போது கொண்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். முதுகு தேய்க்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறார். கை அவ்வளவு தூரம் பின்னால் போகவில்லை.